தலைக்குக் காப்பி: எந்தப் பொடி, எவ்வளவு, எத்தனை நிமிடம்

முடி வளரத் தலையில் காப்பி ஊற்றிப் பார்க்கலாம் என்று முடிவெடுப்பவர்கள், சமையலறை அலமாரியில் கைக்கு எட்டுவதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். சிங்கப்பூரில் அது பெரும்பாலும் கோப்பி-ஓ (பால் கலக்காத காப்பி) பையாக இருக்கும், இல்லாவிட்டால் த்ரீ-இன்-ஒன் பாக்கெட்டாக இருக்கும். இரண்டுமே தலைக்கு ஆகாது. முடி பிசுபிசுக்கிறது, சீப்பு இறங்கவில்லை, அரிக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நம் காப்பிக்கடைப் பொடி வழக்கமாகச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுவது. கொட்டை வறுபடும்போது சர்க்கரை உருகி, கருகி, அதன்மேல் பூச்சாகப் படிகிறது. கடையில் 'கோப்பி ஓ கோசோங்' என்று சர்க்கரையே இல்லாமல் கேட்டு வாங்கினாலும் அந்தக் கருகிய சர்க்கரை பொடிக்குள் இருக்கத்தான் செய்யும். குடிப்பதற்கு அந்தக் கறுப்பும் மணமும் அருமை. தலையில் ஊற்றிக் காயவிட்டால் முடியிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, ஒரு கரண்டிப் பொடியின் எடையில் சர்க்கரையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் தலைக்கு வேண்டிய காஃபீன் அந்த அளவுக்குக் குறைகிறது. த்ரீ-இன்-ஒன்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் முக்கால்வாசி சர்க்கரையும் க்ரீமரும்தான்.

தேக்காவில் வாங்கும் ஃபில்டர் காப்பிப் பொடியில் வேறொரு சிக்கல்: சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் வேர், அதில் காஃபீன் கிடையாது. பாக்கெட்டில் 60:40 என்று போட்டிருந்தால் நூறு கிராமில் நாற்பது கிராம் வெறும் நிறமும் கெட்டித்தன்மையும்தான். லிட்டில் இந்தியாவில் மளிகை எடுக்கும்போது சிக்கரி கலக்காத பொடி எது என்று பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பார்த்து எடுங்கள். ரொபஸ்டா கிடைத்தால் இன்னும் நல்லது. அரபிக்கா கொட்டையில் காஃபீன் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் 2 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல். குடிக்கும்போது ரொபஸ்டாவின் கசப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. தலைத்தோலுக்கு அந்தக் கவலை இல்லை.

வடிகட்டுகிற வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு, எதுவும் கலக்காத இன்ஸ்டன்ட் காப்பித் தூள் போதும். தூளாக இருப்பதால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம். அது ஏற்கனவே டிகாஷனாக இறக்கி நீரை வற்றவைத்த காப்பிதான். சக்கை கிடையாது என்பதால், என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே சரி. டீகாஃப் மட்டும் வாங்கிவிடாதீர்கள். நமக்கு வேண்டிய ஒன்றை எடுத்துவிட்டுத்தான் அதை விற்கிறார்கள்.

காஃபீன் அங்கே போய் என்ன செய்கிறது

காப்பியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டு. முடி விஷயத்தில் ஆராய்ந்து பார்க்கப்பட்டது காஃபீன்தான். மயிர்க்கால் செல்களுக்குள் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. செல்லை வேலை செய்யத் தூண்டும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறை உடைத்துப்போடுவது அதன் வேலை. காஃபீன் அந்த நொதியைத் தடுக்கிறது. தூண்டும் மூலக்கூறு கூடுதல் நேரம் நிற்கிறது, செல் சுறுசுறுப்பாகிறது.

ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் செய்து 2007இல் வெளியான ஆய்வில், பரம்பரை வழுக்கை தொடங்கிய 14 ஆண்களின் தலைத்தோலிலிருந்து எடுத்த மயிர்க்கால்களை ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சேர்த்தபோது வளர்ச்சி குன்றியது. அதோடு 0.001, 0.005 சதவீதக் காஃபீன் சேர்த்தபோது அந்தக் குன்றல் சரியானது. காப்பி நல்லது என்று இணையத்தில் வரும் பேச்சில் பெரும்பகுதி இந்தக் கிண்ணத்திலிருந்து கிளம்பியதுதான். ஆனால் கிண்ணத்தில் மயிர்க்கால் அந்தத் திரவத்திலேயே நாள்கணக்கில் ஊறிக்கிடக்கும். நம் தலையில் அது தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது.

2017இல் வெளியான இன்னோர் ஆய்வு நிஜத் தலைகளில் நடந்தது. இந்தியாவில் 210 ஆண்கள். ஒரு பாதிப்பேர் 0.2 சதவீதக் காஃபீன் திரவத்தையும் மறுபாதிப்பேர் முடி உதிர்வுக்குத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலை 5 சதவீத அளவிலும் ஆறு மாதம் தடவினார்கள். முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். இருந்தாலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தாங்கள் தடவுவது எது என்று கலந்துகொண்டவர்களுக்குத் தெரியும், எதுவுமே இல்லாத வெறும் திரவம் தடவிய மூன்றாவது குழு ஒன்றும் கிடையாது. அதைவிட முக்கியமாக, அது தடவி அப்படியே விட்டுவிடும் திரவம், கழுவிவிடுவது அல்ல. கழுவிவிடும் வகைக்கு ஆதாரம் இன்னும் மெலிவு. காஃபீன் ஷாம்பு முடி உதிர்வைக் குறைக்க உதவும் என்று செய்த விளம்பரத்துக்குப் போதிய சான்று இல்லையென்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் தடை போட்டது.

இப்போது நம் டிகாஷனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 கிராம் ரொபஸ்டா பொடியில் சுமார் 240 மில்லிகிராம் காஃபீன். 250 மில்லி வெந்நீரில் ஊறவைத்தால் சக்கையில் தங்குவது போக ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம், அதாவது 0.08 சதவீதம். கிண்ணத்தில் வேலை செய்த அளவைவிட இது பதினைந்து மடங்குக்கு மேல். தடவிவிடும் திரவத்தின் அளவில் பாதிக்கும் குறைவு. ஆக, காப்பியில் காஃபீன் போதவில்லை என்பதல்ல பிரச்சினை. அது தோலில் எத்தனை நேரம் நிற்கிறது, மயிர்க்கால் வாய்க்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பொடியை இரட்டிப்பாக்குவதால் கறையும் வறட்சியும்தான் கூடும். நேரத்தையும் ஊற்றும் முறையையும் சரிசெய்தால் அதே காப்பி கூடுதலாக வேலை செய்யும்.

டிகாஷன்

250 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். சர்க்கரை, சிக்கரி இல்லாத பொடி இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 10 முதல் 12 கிராம், போட்டுக் கலக்கி மூடி வையுங்கள். ஐந்து நிமிடம் போதும். காஃபீன் வெந்நீரில் சட்டென்று கரையக்கூடியது, அதற்குமேல் ஊறவிட்டால் கசப்பும் துவர்ப்பும்தான் கூட இறங்கும். இரவு முழுக்க ஊறவைப்பதில் எந்த லாபமும் இல்லை.

வடிகட்டுவதை இரண்டு முறை செய்யுங்கள். முதலில் டீ வடிகட்டி, பிறகு காகித ஃபில்டர். துணியில் வடிகட்டினால் மாவு போன்ற நுண்ணிய சக்கை தப்பி வந்துவிடும். அது சுருட்டை முடியிலும் அடர்ந்த முடியிலும் சிக்கி, காய்ந்தபின் பொடுகு போலத் தோளில் உதிரும். இன்ஸ்டன்ட் தூள் என்றால் 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் மூன்று தேக்கரண்டி, சுமார் 6 கிராம், கரைத்தால் ஏறக்குறைய அதே வீரியம் வந்துவிடும்.

வீட்டில் பித்தளை ஃபில்டரோ எவர்சில்வர் ஃபில்டரோ வைத்திருப்பவர்கள் முதல் டிகாஷனை அப்படியே ஊற்றக் கூடாது, அது அத்தனை கெட்டி. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து இளக்குங்கள். இரண்டாம் டிகாஷன் தலைக்கு உதவாது, காஃபீனில் பெரும்பகுதி முதல் இறக்கத்திலேயே போயிருக்கும்.

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடே தெரியக் கூடாது. மிஞ்சியதை மூடிய பாட்டிலில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் மேடைமேல் இரவு முழுக்க வைத்த காப்பியில் கிருமி பெருகிவிடும், அதைக் கொட்டிவிடுங்கள்.

ஊற்றும் முறை

குவளையில் மொண்டு தலையில் கவிழ்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படி ஊற்றினால் கால் லிட்டரில் பெரும்பகுதி முடியின் மேலாகவே வழிந்து குளியலறைத் தரைக்குப் போய்விடும். முடி உயிரற்ற நார். அதில் எத்தனை காப்பி பட்டாலும் வளர்ச்சிக்கு ஒன்றும் ஆகாது. தோலில் படுவது மட்டும்தான் கணக்கு.

ஹேர் டை பூச விற்கும் கூர்முனை பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கழுவிக் காயவைத்த சாஸ் பாட்டிலும் போதும். முதலில் தலைக்கு ஷாம்பு போட்டு அலசுங்கள். எண்ணெய் வைத்த தலையில் காப்பி ஊற்றுவது வீண். எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தள்ளிவிடும், மயிர்க்கால் வாயையும் அடைத்துக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க்குளியல் வழக்கம் உள்ளவர்கள் காப்பியைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது எண்ணெய் முழுக்கப் போகும்வரை அலசிவிட்டு ஊற்றலாம். துண்டால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். சொட்டச் சொட்ட இருந்தால் காப்பி நீர்த்துப்போகும்.

அதன்பிறகு வகிடு. நெற்றி நடுவிலிருந்து உச்சி வரை ஒரு வகிடு எடுத்து, பாட்டில் முனையைத் தோலில் தொட்டபடி கோடாக இழுங்கள். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி அடுத்த வகிடு, மறுபடி ஒரு கோடு. முன் நெற்றி ஓரம், கன்னப்பொறிக்கு மேலே, உச்சிச் சுழி ஆகிய இடங்களில் இன்னொரு தரம். முழுத் தலைக்கு 60 முதல் 80 மில்லி போதும். அதற்குமேல் ஊற்றினால் வழியத்தான் செய்யும். நகம் படாமல் விரல் நுனிச் சதையால் மூன்று நிமிடம் அழுத்தித் தேயுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, தோல் விரலோடு சேர்ந்து அசைய வேண்டும்.

பத்து முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஷாம்புவாகப் போட்ட காஃபீன் இரண்டே நிமிடத்தில் மயிர்க்கால் வழியே உள்ளே இறங்கியதைப் பெர்லினில் நடந்த சோதனை காட்டியிருக்கிறது. அதனால் கால் மணி நேரம் தாராளம். ஒரு மணி நேரம், இரவு முழுக்க என்று நீட்டுவது இந்த ஊருக்கு ஒத்துவராது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடத்தில் தலையை ஈரமாக மூடி வைத்தால் அரிப்பும் பொடுகும் கிளம்பும். பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்கு ஈரமும் கதகதப்பும் எண்ணெய்ப் பசையும் மிகவும் பிடித்தவை.

வெறும் தண்ணீரில் அலசுங்கள், மறுபடி ஷாம்பு வேண்டாம். கண்டிஷனரை முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போடுங்கள். பழைய கருநிறத் துண்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிட்டபின் பின்னுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, தாங்கினால் இரண்டு முறை. இதற்குமேல் போனால் காப்பியின் துவர்ப்பு முடியைச் சொரசொரப்பாக்கும். நீளமுடிக்காரர்களுக்கு நுனி பிளவுபடுவதில் அது முதலில் தெரியும்.

சக்கையை வைத்துத் தலையை 'ஸ்க்ரப்' செய்யும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். அரைத்த காப்பிக்கொட்டையின் துகள் ஓரங்கள் கூர்மையானவை, நனைந்த தோலைக் கீறும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைத் தரையில் இருக்கும் வடிகால் துளையில் முடியும் சக்கையும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும், பிறகு பிளம்பருக்குத்தான் செலவு.

எது எதனால் கெடுகிறது

நரைத்த முடியில் காப்பி கறை பிடிக்கும். மருதாணியில் டிகாஷன் விட்டுக் குழைக்கும் வழக்கம் நம் வீடுகளில் நிறம் கூடத்தானே வந்தது, அதே வேலையை இங்கேயும் செய்யும். ஆனால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், இரண்டு மூன்று ஷாம்புவில் போய்விடும். நரையை மறைக்கும் வழியாக இதை நம்ப முடியாது. ப்ளீச் செய்து வெளிர்நிறச் சாயம் ஏற்றியவர்கள் இதைத் தொடவே வேண்டாம். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் வெள்ளைச் சாந்தும் பழுப்பாகும் என்பதால், ஊற்றும் முன்பே தரையை நனைத்துவிடுங்கள்.

முதல் தடவைக்கு முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ தடித்தாலோ வேண்டாம். புண், சொரியாசிஸ், கட்டி, சீழ் இருக்கும் தலையில் ஊற்றக் கூடாது. கிழிந்த தோல் வழியாகக் காஃபீன் கூடுதலாக உள்ளே போகும், எரிச்சலும் தாங்க முடியாது. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை.

பலன் தெரிய எத்தனை நாள்

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஓய்வுக்குப் போன மயிர்க்கால் மறுபடி விழித்து ஒரு முடியைத் தள்ளிவிட ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும். ஆகவே மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டது என்று சொல்பவர்களையும், ஒரு மாதத்தில் பலனில்லை என்று விடுபவர்களையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். நான்கு முதல் ஆறு மாதம்தான் நியாயமான அளவு.

கண்ணாடியில் தினமும் பார்ப்பது ஏமாற்றும். மாதம் ஒரு முறை, அதே விளக்கின் கீழ், அதே வகிட்டில், முடி காய்ந்த நிலையில் படம் எடுங்கள். உதிர்வை அளக்க, தலைகுளிக்கும் முன் வெளிர்நிறத் துண்டின்மேல் குனிந்து, உச்சியிலிருந்து நெற்றி நோக்கி 60 விநாடி சீவி விழுந்ததை எண்ணுங்கள். அடுத்தடுத்து மூன்று குளியலில் எண்ணிச் சராசரி எடுங்கள். வழுக்கை இல்லாத ஆண்களுக்கு அது சுமார் 10 வரும். நீளமுடிப் பெண்களுக்குக் கூடுதலாக வரலாம், அவரவர் முதல் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் போதும். குளியலறையில் விழுவதை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நாலு நாளைக்கு ஒரு முறை தலைகுளிப்பவருக்கு அந்த நாலு நாள் முடியும் ஒரே தடவையில் வந்து கையில் நிற்கும்.

சிங்கப்பூருக்கு வந்ததும் தண்ணீரால் முடி கொட்டுகிறது என்று பலர் நம்புகிறார்கள். இடமாற்றத்தின் அலைச்சல், தூக்கக் குறைவு, நேரம் தப்பிய சாப்பாடு, இவற்றின் விளைவு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தலையில் தெரியும். டெங்கி, கொவிட் போன்ற கடுமையான காய்ச்சல், பிரசவம், வேகமாக எடை குறைத்தது, எல்லாமே இதே இடைவெளியில் கொத்தாக உதிர்க்கும். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தால் பேர் காப்பிக்குப் போய்விடும்.

பரம்பரை உதிர்வு அப்படி அடங்காது. நெற்றி ஓரம் ஏறுவது, உச்சி மெலிவது, பெண்களுக்கு வகிடு வருடா வருடம் அகலமாவது அதன் அடையாளங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் சிறுத்து, முடி பூனைமயிராக மெலிந்துகொண்டே போகும். அதில் காலம்தான் முதல் செலவு. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்கு மொட்டையடிக்கும் வயதிலேயே நெற்றி ஏறத் தொடங்கிய பிள்ளைகள், காப்பியை நம்பி இரண்டு மூன்று வருடத்தை விடுவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. அந்தக் கட்டத்தில் மினாக்சிடிலும், ஆண்களுக்கு மருத்துவர் எழுதித்தரும் ஃபினாஸ்டரைடும்தான் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்துகள். காப்பியைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்குப் பதிலாக வேண்டாம்.

நாணயம் போல வட்டமாக வழுவழுவென்று உதிர்ந்தால் அது புழுவெட்டு. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது, காப்பிக்குக் கட்டுப்படாது. இறுக்கி இழுத்துப் பின்னுவதால் நெற்றி ஓரம் வழுக்கையாவதற்குப் பின்னலைத் தளர்த்துவதுதான் மருந்து. களைப்பு, அதிக மாதப்போக்கு, திடீர் எடை மாற்றம் கூட இருந்தால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க இரத்தப் பரிசோதனை வேண்டும். பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு மண்டலே ரோட்டில் உள்ள நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம்.

மினாக்சிடில் தடவிக்கொண்டே காப்பியும் ஊற்ற விரும்புபவர்கள் நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மினாக்சிடில் காய்ந்த தோலில் படவேண்டிய மருந்து, தடவியபின் நாலு மணி நேரம் தலை நனையக் கூடாது. காப்பி நாளில் மாலை வேலை முடிந்து வந்ததும் ஷாம்பு, காப்பி, அலசல். தலை முழுக்கக் காய்ந்தபின், படுப்பதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு மினாக்சிடில். அப்போதுதான் மருந்து தலையணையில் ஒட்டாமல் தோலில் காயும். காலை மருந்தை வழக்கமான நேரத்திலேயே போடுங்கள். காப்பி ஊற்றிய அன்று தலை எரிந்தால் அந்த ஒரு இரவு மினாக்சிடிலை விட்டுவிடுங்கள். இரண்டாவது தடவையும் எரிந்தால் காப்பியை நிறுத்துங்கள், மருந்தைத் தொடருங்கள்.